கவுண்ட்டவுன் ஏன் நடுவில் நிற்கிறது, ஏவுதல் ஏன் மறுநாளைக்குப் போகிறது?

ஏவுதல் ஒன்றை நேரலையில் பார்த்துக்கொண்டிருந்தபோது கடிகாரம் ஒரே எண்ணில் நெடுநேரம் நின்றதாகவும், அது மீண்டும் ஓடத் தொடங்கிய சில நிமிடங்களில் ஏவுதல் கைவிடப்பட்டு மறுநாளைக்கு ஒத்திவைக்கப்பட்டதாகவும் எழுதியிருக்கிறீர்கள். பல ஆண்டுகள் திட்டமிட்டவர்களுக்குக் கோளாறு கடைசி நிமிடத்தில்தானா தெரிய வேண்டும், தெரிந்ததைச் சரிசெய்து அரை மணி நேரம் கழித்து ஏவினால் என்ன, இது திறமைக் குறைவு இல்லையா என்று கேட்டிருக்கிறீர்கள். மூன்றாவது கேள்விக்கான விடை முதல் இரண்டிலேயே இருப்பதால் அவற்றையே விரிவாக எடுத்துக்கொள்கிறேன். நான் ராக்கெட் ஏவியவன் அல்லன். திரவ ஆக்சிஜன், திரவ நைட்ரஜன் போன்ற கடுங்குளிர் திரவங்களைத் தயாரித்துச் சேமிக்கும் ஆலைகளில் கருவியியல் பொறியாளராகப் பல ஆண்டுகள் வேலை செய்தவன். எனவே வால்வு, அடைப்பு வளையம், உணரி, தானியங்கிப் பூட்டு ஆகியவற்றைப் பற்றி இங்கே சொல்வது அனுபவத்திலிருந்து வருவது. சுற்றுப்பாதை, வானிலை, ஏவுதள நடைமுறை ஆகியவற்றைப் பற்றிச் சொல்வது விண்வெளி நிறுவனங்களும் விசாரணைக் குழுக்களும் வெளியிட்டவற்றைப் படித்து அறிந்தது.

திரையில் 'டி மைனஸ்' என்று ஓடும் எண்ணைக் கிளம்புவதற்கு மீதமிருக்கும் நேரம் என்று எடுத்துக்கொள்வதில்தான் பெரும்பாலான குழப்பம் தொடங்குகிறது. அந்த எண், செய்ய வேண்டிய வேலைகளின் நீண்ட பட்டியலில் இப்போது எந்த இடத்தில் இருக்கிறோம் என்பதைக் காட்டுகிறது. கிளம்புவதற்கு மீதமிருக்கும் உண்மையான நேரத்துக்கு 'எல் மைனஸ்' என்று தனிக் கணக்கு உண்டு. அது எதற்காகவும் நிற்காது. 2011 வரை பறந்த அமெரிக்க விண்ணோடத்தின் (ஸ்பேஸ் ஷட்டில்) கவுண்ட்டவுன் 43 மணி என்ற எண்ணிலிருந்து தொடங்கும், ஆனால் தொடக்கத்திலிருந்து கிளம்பும் வரை ஏறத்தாழ மூன்று நாள் ஆகும். இடையே பல இடங்களில் கடிகாரத்தை நிறுத்தி வைப்பது அட்டவணையிலேயே எழுதப்பட்டிருந்ததுதான் காரணம். 20 நிமிடத்தில் ஒரு நிறுத்தமும் 9 நிமிடத்தில் ஒரு நிறுத்தமும் கட்டாயமாக இருந்தன. பின்தங்கிய வேலையை முடிக்கவும், ஒவ்வொரு பிரிவின் பொறுப்பாளரிடமும் சம்மதம் கேட்கவும், வேலைப் பட்டியலைக் குறித்த ஏவு நேரத்தோடு சரியாகப் பொருத்தவும் இந்த இடைவெளிகள் உதவின. நீங்கள் பார்த்த நீண்ட நிறுத்தமும் இப்படி முன்கூட்டியே வைக்கப்பட்டதாக இருக்க வாய்ப்பு அதிகம். அதன் பிறகு நடந்த கைவிடல் வேறு கதை. எல்லா ராக்கெட்டுகளுக்கும் இதே அமைப்பு இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். இந்திய ராக்கெட்டுகளின் கவுண்ட்டவுன் பெரும்பாலும் ஒரு நாள் அளவுக்கு ஓடி, இறுதி நிமிடங்களில் தானியங்கி ஏவு வரிசையின் கைக்குப் போகிறது. ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனத்தின் ஃபால்கன் 9 ராக்கெட்டிலோ ஏறத்தாழ 35 நிமிடம் இருக்கும்போதுதான் உந்துபொருள் நிரப்புவதே தொடங்குகிறது. அதன் பிறகு ஓய்வுக்கான நிறுத்தம் என்று எதுவும் கிடையாது.

அந்தப் பட்டியலின் வரிசை எப்படித் தீர்மானிக்கப்படுகிறது என்பது எனக்கு இந்த விஷயத்திலேயே மிகவும் பிடித்த பகுதி. எந்தச் செயலைச் செய்தால் திரும்பி வருவது கடினமோ, அது முடிந்த அளவுக்குக் கடைசிக்குத் தள்ளப்படுகிறது. மின்கலங்களைச் சோதிப்பது, மென்பொருளை ஏற்றுவது, பராமரிப்புக் கோபுரத்தை விலக்குவது ஆகியவற்றை எளிதில் பழைய நிலைக்குக் கொண்டுவரலாம். கடுங்குளிர் உந்துபொருளை நிரப்பிவிட்டால் வடித்தெடுக்கலாம், ஆனால் அதற்கு மணிக்கணக்கில் ஆகும். தொட்டிகளில் அழுத்தம் ஏற்றுவது, வெளி மின்சாரத்தைத் துண்டித்து ராக்கெட்டைத் தன் மின்கலத்துக்கு மாற்றுவது, வழிதவறினால் அதை அழிக்கும் அமைப்பை ஆயத்த நிலைக்குக் கொண்டுவருவது ஆகியவை இறுதி நிமிடங்களுக்கு உரியவை. விண்ணோடத்தில் 31 விநாடி இருக்கும்போது தரைக் கணினி பொறுப்பை ஓடத்தின் கணினிகளிடம் ஒப்படைக்கும், 6.6 விநாடி இருக்கும்போது மூன்று முதன்மை இயந்திரங்களும் பற்றவைக்கப்படும். அவை போதிய உந்துவிசையை எட்டிவிட்டன என்று கணினிகள் உறுதிசெய்த பிறகே, சுழியத்தில், பக்கவாட்டிலுள்ள திட உந்துபொருள் பூஸ்டர்கள் பற்றும். திரவ இயந்திரத்தை வால்வை மூடி அணைக்கலாம், திட உந்துபொருள் பற்றிக்கொண்டால் எரிந்து தீரும் வரை அணைக்க வழியில்லை. 1984 முதல் 1994 வரை ஐந்து முறை விண்ணோடத்தின் இயந்திரங்கள் தரையிலேயே பற்றி, பூஸ்டர்கள் பற்றுவதற்குள் கணினிகளால் அணைக்கப்பட்டிருக்கின்றன. உள்ளே வீரர்கள் அமர்ந்திருந்தார்கள். ஐந்து முறையும் பத்திரமாக இறங்கினார்கள்.

இந்தியாவின் ஜிஎஸ்எல்வி முதன்முறை ஏவப்படவிருந்த 2001 மார்ச் 28 அன்று ஸ்ரீஹரிகோட்டாவில் நடந்ததும் இதே தர்க்கம்தான். அந்த ராக்கெட்டில் நடுவிலுள்ள திட உந்துபொருள் கட்டம் பற்றுவதற்கு 4.8 விநாடிக்கு முன்னதாகவே, சுற்றியுள்ள நான்கு திரவ இயந்திரங்கள் பற்றவைக்கப்படுகின்றன. அன்று அந்த நான்கில் ஒன்று தேவையான உந்துவிசையை எட்டவில்லை. தானியங்கி வரிசை அதைக் கண்டு மற்றவற்றையும் அணைத்தது. நடுக்கட்டம் பற்றாததால் ராக்கெட் தளத்திலேயே நின்றது. ஏப்ரல் 18 அன்று அது ஏவப்பட்டது. அந்த 4.8 விநாடி இல்லாமல் எல்லாம் ஒன்றாகப் பற்றும்படி வடிவமைத்திருந்தால், ஒரு பக்கம் வலுக்குறைந்த ராக்கெட் தளத்தை விட்டுக் கிளம்பியிருக்கும். இதற்கு மாறாக, எல்விஎம்3 ராக்கெட்டில் இரண்டு பெரிய திட பூஸ்டர்களே முதலில் பற்றுகின்றன. நடுவிலுள்ள திரவ இயந்திரங்கள் வானில்தான் எரியத் தொடங்குகின்றன. பிஎஸ்எல்வியின் முதற்கட்டமும் திட உந்துபொருள்தான். இத்தகைய ராக்கெட்டுகளுக்குத் தளத்தில் இயந்திரத்தை ஓட்டிப் பார்த்துவிட்டுப் புறப்படும் வாய்ப்பு இல்லை. பற்றவைப்பதற்கு முன் உணரிகள் சொல்வதே கடைசிச் சொல்.

கடைசி விநாடிகளை மனிதரிடம் விடாமல் கணினியிடம் விடுவது வேகத்துக்காக மட்டும் அன்று. 1965 டிசம்பர் 12 அன்று, இருவர் செல்லும் அமெரிக்க விண்கலமான ஜெமினி 6ஏயைச் சுமந்த ராக்கெட்டின் இயந்திரங்கள் பற்றி, ஒன்றேகால் விநாடிக்குள் அணைந்துவிட்டன. ராக்கெட் மேலெழும்போது கழன்று விழ வேண்டிய மின் இணைப்பான் ஒன்று முன்னதாகவே கழன்றதே காரணம். கலத்திலிருந்த கடிகாரம் ஓடத் தொடங்கிவிட்டதால், ராக்கெட் கிளம்பிவிட்டது என்று கருவிகள் காட்டின. கிளம்பிய ராக்கெட்டில் இயந்திரம் அணைந்தால் அது தளத்தில் விழுந்து வெடிக்கும் என்பதால், விதிப்படி வீரர்கள் இருக்கையோடு வெளியே வீசப்படும் கைப்பிடியை இழுத்திருக்க வேண்டும். தளபதி வால்டர் ஷிர்ரா இழுக்கவில்லை. உடல் எழும்பும் அசைவை அவர் உணரவில்லை. அவர் முடிவு சரியாக இருந்தது. அந்தக் கோளாறை ஆராய்ந்தபோது இயந்திரம் ஒன்றில் தூசு மூடி ஒன்று அகற்றப்படாமல் கிடந்ததும் தெரியவந்தது. அந்த இணைப்பான் கழன்றிராவிட்டாலும் அன்றைய ஏவுதல் நடந்திருக்காது. மூன்று நாள் கழித்து அதே ராக்கெட் வெற்றிகரமாகக் கிளம்பியது. ஷிர்ராவின் நிதானத்தைப் பாராட்டும் எவரும், ஒவ்வொரு முறையும் அப்படி ஒரு மனிதர் அந்த இருக்கையில் இருப்பார் என்று நம்பி அமைப்பை வடிவமைக்க மாட்டார்கள்.

இனி, கோளாறு ஏன் இவ்வளவு தாமதமாகத் தெரிகிறது என்ற கேள்வி. திரவ ஆக்சிஜன் வளிமண்டல அழுத்தத்தில் கழிய 183 டிகிரி செல்சியஸிலும், திரவ ஹைட்ரஜன் கழிய 253 டிகிரியிலும் கொதிப்பவை. குழாயும் வால்வும் அடைப்பு வளையமும் அறை வெப்பத்தில் எத்தனை முறை சோதிக்கப்பட்டாலும், அந்தக் குளிரை அடையும்போது ஒவ்வோர் உலோகமும் ஒவ்வோர் அளவில் சுருங்குகிறது. மென்மையான அடைப்புப் பொருள் கல்லைப் போல் இறுகுகிறது. காலையில் சொட்டு கசியாத இணைப்பு, குளிர்ந்த பிறகு கசிவதை நான் வேலை செய்த ஆலைகளில் பலமுறை பார்த்திருக்கிறேன். அங்கே இருந்தது ஆக்சிஜனும் நைட்ரஜனும்தான். ஹைட்ரஜன் மூலக்கூறு அவற்றைவிட மிகச் சிறியது, நுழைய இடம் கிடைத்தால் விடாது. குளிர், அழுத்தம், ஓட்டம் மூன்றும் ஒரே நேரத்தில் உண்மையான ராக்கெட்டில் கூடிவருவது அந்தக் கடைசி மணி நேரங்களில் மட்டுமே. முன்கூட்டியே நிரப்பிப் பார்க்கும் ஒத்திகைகள் உண்டு, அவை பலவற்றைப் பிடிக்கவும் செய்கின்றன. ஆனால் ஒத்திகை முடிந்து வடித்தெடுத்ததும் எல்லாம் மீண்டும் சூடாகி விரிகின்றன. அடுத்த முறை அதே வளையம் அதே இடத்தில் படிந்து உட்காரும் என்பதற்கு உறுதி இல்லை.

2022இல் நாசாவின் நிலவுப் பயண ராக்கெட்டான ஆர்ட்டெமிஸ் 1 பட்ட பாடு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. ஆகஸ்ட் 29 அன்று நான்கு இயந்திரங்களில் ஒன்று தேவையான அளவுக்குக் குளிரவில்லை என்று ஓர் உணரி காட்டியதால் ஏவுதல் நிறுத்தப்பட்டது. இயந்திரம் குளிர்ந்துதான் இருந்தது, உணரியே சரியில்லை என்ற முடிவுக்குப் பின்னர்தான் வர முடிந்தது. செப்டம்பர் 3 அன்று ஹைட்ரஜன் ஊட்டும் குழாய் ராக்கெட்டோடு சேரும் இடத்தில் பெரும் கசிவு. மூடித் திறந்தும், சூடாக்கிக் குளிரவைத்தும் பார்த்துவிட்டுக் கைவிட்டார்கள். அம்மாத இறுதியில் இயன் புயலுக்காக ராக்கெட்டையே அதை ஒருங்கிணைக்கும் கூடத்துக்குத் திருப்பி எடுத்துச் சென்றார்கள். இறுதியாக நவம்பர் 16 அன்று அது கிளம்பியபோதும், நிரப்பும் வேளையில் தரைப்பகுதி வால்வு ஒன்றில் கசிவு தெரிந்தது. அதைச் சரிசெய்ய, எரிபொருள் நிரம்பிய ராக்கெட்டின் அடிக்கு மூன்று பேர் அனுப்பப்பட்டு, இறுக்க வேண்டியதை இறுக்கிவிட்டு வந்தார்கள். இது மிக அரிது. என்னுடைய ஆலையில் அளவுமானி ஒன்று விசித்திரமான எண்ணைக் காட்டினால் அருகில் போய் வேறொரு மானியைப் பார்ப்பேன், குழாயில் உறைபனி எங்கே தொடங்குகிறது என்று கண்ணால் பார்ப்பேன். நிரப்பப்பட்ட ராக்கெட்டைச் சுற்றிப் பல கிலோமீட்டருக்கு ஆள் இருக்கக் கூடாது. எனவே கட்டுப்பாட்டு அறையில் இருப்பவருக்கு எண்கள் மட்டுமே உண்டு. கெட்டது கருவியா, கருவி அளக்கும் பொருளா என்பதை அந்த எண்களை வைத்தே சொல்ல வேண்டும். 2005 ஜூலை 13 அன்று விண்ணோடம் டிஸ்கவரியின் ஏவுதல், ஹைட்ரஜன் தொட்டி காலியாவதை உணர்த்தும் நான்கு உணரிகளில் ஒன்று ஒழுங்காகச் செயல்படாததால் நிறுத்தப்பட்டு, ஜூலை 26 அன்றுதான் நடந்தது. மூன்று நன்றாக இருக்கிறதே என்று தோன்றும். அன்றைய விதி நான்கும் வேலை செய்ய வேண்டும் என்றது.

கடுங்குளிர் இல்லாத திரவங்களிலும் இது நடக்கும். 2013 ஆகஸ்ட் 19 அன்று ஜிஎஸ்எல்வி டி5 கிளம்புவதற்கு 74 நிமிடம் இருக்கும்போது இரண்டாம் கட்டத்தில் எரிபொருள் கசிவு தெரிந்தது. அழுத்தம் ஏற்றும் வரை வெளிப்படாத கசிவு. ராக்கெட் கூடத்துக்குத் திரும்பியது, இரண்டாம் கட்டம் புதிதாக மாற்றப்பட்டது, 2014 ஜனவரி 5 அன்று ஏவுதல் வெற்றி பெற்றது. சந்திரயான் 2 ஏவுதல் 2019 ஜூலை 15 அதிகாலையில், 56 நிமிடம் 24 விநாடி மீதமிருக்கும்போது நிறுத்தப்பட்டது பலருக்கு நினைவிருக்கும். இங்கே உறுதியானதையும் அல்லாததையும் பிரித்துச் சொல்ல வேண்டும். இஸ்ரோ அன்று அறிவித்தது தொழில்நுட்பக் கோளாறு என்பதை மட்டுமே. கிரையோஜெனிக் (கடுங்குளிர் உந்துபொருள்) கட்டத்தின் ஹீலியம் அமைப்பில் கசிவு என்பது ஊடகங்களில் வந்த செய்தி. நம்பத் தகுந்த விளக்கம்தான், ஆயினும் அதை நிறுவப்பட்ட உண்மை போல் நான் எழுத மாட்டேன்.

இரண்டாவது கேள்விக்கு, சரிசெய்த பிறகு உடனே ஏன் ஏவுவதில்லை என்பதற்கு, விடை பெரும்பாலும் வானவியலில் இருக்கிறது. பூமி நான்கு நிமிடத்துக்கு ஒரு டிகிரி சுழல்கிறது. சர்வதேச விண்வெளி நிலையத்தின் சுற்றுப்பாதைத் தளம் நிலநடுக்கோட்டுக்கு 51.6 டிகிரி சாய்ந்திருக்கிறது. ஏவுதளம் பூமியோடு சுழன்று அந்தத் தளத்துக்கு நேர் கீழே வரும் கணமே ஏவத் தகுந்த கணம். அதைத் தவறவிட்டுப் பக்கவாட்டில் திரும்பிப் பிடிப்பதற்குத் தேவைப்படும் எரிபொருள் கொஞ்சநஞ்சமன்று. விண்ணோடத்துக்குச் சுமார் பத்து நிமிடச் சாளரம், அதாவது ஏவத் தகுந்த கால அளவு, இருந்தது. நிலையத்துக்குப் போகும் ஃபால்கன் 9 ஏவுதல்களுக்கு நடைமுறையில் ஒரே ஒரு விநாடிதான். தவறினால் அந்தச் சுற்றுப்பாதைத் தளம் மீண்டும் ஏவுதளத்துக்கு மேலே வரும் வரை, அதாவது ஏறத்தாழ ஒரு நாள், காத்திருக்க வேண்டும். செவ்வாய்க்கு அனுப்பும் கலங்களுக்கு அந்தக் காத்திருப்பு 26 மாதம். இன்சைட் கலத்தின் நிலநடுக்கமானியில் வெற்றிடக் கசிவு ஏற்பட்டதால் 2016 மார்ச்சில் போக வேண்டியது 2018 மே மாதம்தான் போனது. தகவல் தொடர்புச் செயற்கைக்கோள்களுக்கு மட்டும் மணிக்கணக்கில் நீளும் சாளரம் கிடைப்பதுண்டு. சாளரத்துக்குள்ளேயும் சில நொடிகள் அடைபட்டிருக்கும்: ஏற்கெனவே சுற்றிக்கொண்டிருக்கும் பொருள்களோடு மோதாமல் இருக்க, சந்திரயான் 3 ஏவும் நேரம் 4 விநாடியும் பிஎஸ்எல்வி சி56 ஏவும் நேரம் ஒரு நிமிடமும் தள்ளிவைக்கப்பட்டன. யாரும் அதைத் தாமதம் என்று சொல்லவில்லை, அறிந்தவர்களும் குறைவு.

சாளரம் அகலமாக இருந்தாலும் உந்துபொருள் காத்திருக்க விடாது. ஃபால்கன் 9 ராக்கெட்டில் ஆக்சிஜனைக் கொதிநிலைக்கும் கீழே, ஏறத்தாழ கழிய 207 டிகிரிக்குக் குளிர்வித்து அடர்த்தியைக் கூட்டி, அதே தொட்டியில் அதிகமாக நிரப்புகிறார்கள். நிரப்பிய கணத்திலிருந்தே அது சூடேறி விரிகிறது. அதனால் நிரப்பிய பின் பத்து நிமிடம் நிறுத்தி யோசிக்கலாம் என்ற வசதி அந்த ராக்கெட்டுக்கு இல்லை; இறுதிக் கட்டத்தில் நின்றால் வடித்துவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான், அதற்குள் சாளரம் போய்விடும். அதிக உந்துபொருள் வேண்டும் என்று தேர்ந்தெடுத்ததற்குக் கொடுக்கும் விலை அது. மாறாக, உடனே மீண்டும் ஏவ முடிந்த நிகழ்வையும் சொல்கிறேன். 2023 அக்டோபர் 21 அன்று ககன்யான் திட்டத்தின் முதல் சோதனை ராக்கெட், வானிலையால் 8 மணியிலிருந்து 8.45க்குத் தள்ளப்பட்டு, பிறகு கிளம்ப 5 விநாடி இருக்கும்போது கணினியால் நிறுத்தப்பட்டது. காரணம் கண்டறிந்து திருத்தி அன்று காலை 10 மணிக்கே ஏவினார்கள். சாதாரண வெப்பத்திலேயே சேமிக்கக்கூடிய திரவங்களால் இயங்கும் இயந்திரம் அது, வானில் எதையும் சந்திக்கச் செல்லவில்லை, வீரர்கள் தப்பிக்கும் அமைப்பைச் சோதித்துவிட்டுக் கடலில் இறங்குவதே நோக்கம். இந்த மூன்றும் கூடிவந்ததால்தான் ஒன்றேகால் மணி நேரத்தில் முடிந்தது.

வானிலை பற்றிப் பலருக்கு ஒரு தவறான எண்ணம் உண்டு. ஏவுதளத்தில் வெயில் அடிக்கும்போது வானிலையால் ரத்து என்று அறிவித்தால் சாக்குப்போக்கு என்கிறார்கள். தளத்தில் தெரியும் வானம் கணக்கின் ஒரு பகுதிதான். மேலெழும் ராக்கெட்டும் அதன் பின்னே நீளும் மின்கடத்தும் புகையும் சேர்ந்து, தானாக மின்னாத மேகத்திலும் மின்னலைத் தூண்டிவிடும். 1969 நவம்பர் 14 அன்று மழையில் கிளம்பிய அப்போலோ 12, முதல் நிமிடத்துக்குள் இருமுறை மின்னலுக்கு உள்ளாகி, கலத்தின் மின்சாரம் தடுமாறி, தரையிலிருந்து வந்த ஒரு சரியான ஆலோசனையால் தப்பியது. 1987 மார்ச் 26 அன்று கேப் கனவரலிலிருந்து கிளம்பிய அட்லஸ் சென்டார் ராக்கெட்டுக்கு அந்த நற்பேறு இல்லை; மின்னல் அதன் கணினி நினைவகத்தைக் குழப்பியதில் ராக்கெட் தாறுமாறாகத் திரும்பிச் சிதைந்தது. இப்போது அமெரிக்க ஏவுதளங்களில் பின்பற்றப்படும் கடுமையான மின்னல் விதிகள் பெருமளவு அதன் பிறகு செப்பனிடப்பட்டவை. பத்துக் கடல் மைல் தொலைவுக்குள் மின்னல் அடித்தால் முப்பது நிமிடம் காத்திருக்க வேண்டும் என்பது அவற்றில் ஒன்று. மேகத்தின் வகை, தடிமன், தரையில் அளக்கும் மின்புலம் ஆகியவற்றுக்கும் வரம்புகள் உண்டு. இவை தவிர உயர்மட்டக் காற்று. பலூன் விட்டு அளந்து, அந்தக் காற்றை மனத்தில் கொண்டு அன்றைய பாதைக் கட்டளைகளை அமைக்கிறார்கள். அளந்த பிறகு காற்று மாறினால் ராக்கெட்டின் உடல் தாங்காமல் போகலாம். வீரர்கள் போகும் பயணமானால், தப்பிக்க நேர்ந்தால் அவர்கள் இறங்கக்கூடிய கடற்பரப்பின் அலையும் காற்றும்கூடப் பார்க்கப்படும். 2020 மே 27 அன்று ஸ்பேஸ்எக்ஸின் டிராகன் கலத்தில் இருவரை முதன்முறையாக அனுப்பவிருந்த ஏவுதல், ஏறத்தாழ 17 நிமிடம் இருக்கும்போது கைவிடப்பட்டது. இன்னும் சிறிது நேரம் கிடைத்திருந்தால் வானம் ஒத்துழைத்திருக்கும், ஆனால் சாளரம் ஒரு கணம்தான். மே 30 அன்று கிளம்பினார்கள்.

ராக்கெட்டுக்கும் வானத்துக்கும் சம்பந்தமில்லாத காரணங்களும் உண்டு. பாதைக்குக் கீழே கடலில் விலக்கப்பட்ட பகுதிக்குள் ஒரு பாய்மரப் படகு புகுந்ததால் 2014 அக்டோபர் 27 அன்று ஆன்டாரஸ் ராக்கெட் ஏவுதல் நின்றது. மறுநாள் கிளம்பிய அந்த ராக்கெட் சில விநாடிகளில் தளத்தருகே விழுந்து வெடித்ததை நினைத்தால், இந்த விதியை யாரும் கேலி செய்ய மாட்டார்கள். 1995இல் விண்ணோடம் ஒன்றின் தொட்டியை மூடியிருந்த நுரைப்போர்வையில் மரங்கொத்திகள் நூற்றுக்கும் மேற்பட்ட துளைகளைப் போட்டுவிட்டதால், அதைத் தளத்திலிருந்து கூடத்துக்குத் திருப்பிக் கொண்டுபோக வேண்டியதாயிற்று.

யார் நிறுத்துகிறார்கள் என்பதையும் சுருக்கமாகச் சொல்கிறேன். எந்த அளவு எந்த எல்லையைத் தாண்டினால் ஏவக்கூடாது என்பது மாதங்களுக்கு முன்பே, யாருக்கும் அவசரமில்லாத வேளையில், எழுதப்பட்டுக் கையெழுத்தாகிவிடுகிறது. கவுண்ட்டவுன் நடக்கும்போது அந்த எல்லையை வாதாடி நகர்த்தாமல் இருப்பதே முழு ஏற்பாட்டின் பலம். 1986 ஜனவரி 28 அன்று விண்ணோடம் சேலஞ்சர் கிளம்பி நடுவானில் சிதைந்ததற்கு முந்திய இரவு நடந்தது இதற்கு நேர்மாறானது. பூஸ்டர் இணைப்பிலுள்ள ரப்பர் வளையங்கள் குளிரில் இறுகிவிடும் என்று பூஸ்டரைத் தயாரித்த நிறுவனத்தின் பொறியாளர்கள் எதிர்த்தார்கள். பேச்சின் முடிவில் அவர்களுடைய நிர்வாகம் ஏவலாம் என்றது. முடிவெடுத்த முறையே பிழைபட்டது என்று விசாரணை ஆணையம் ஆவணப்படுத்தியிருப்பதால் இதை உறுதியாகச் சொல்லலாம். ஆனால் அன்றாட ஏவுதல்களில் கால அட்டவணையின் அழுத்தம் எவ்வளவு வேலை செய்கிறது என்பதை வெளியிலிருந்து அளக்க முடியாது. பாதுகாப்பைத் தவிர வேறெதுவும் பார்ப்பதில்லை என்ற அறிக்கையையும், எல்லாம் அரசியல் என்ற பேச்சையும் நான் ஒரே ஐயத்தோடுதான் படிக்கிறேன்.

எல்லாக் கோளாற்றையும் கவுண்ட்டவுன் பிடித்துவிடும் என்றும் எண்ண வேண்டாம். 2021 ஆகஸ்ட் 12 அன்று ஜிஎஸ்எல்வி எஃப்10 எந்தத் தடையும் இல்லாமல் குறித்த நேரத்தில் கிளம்பியது. ஐந்து நிமிடம் கடந்து கிரையோஜெனிக் இயந்திரம் பற்ற வேண்டிய வேளையில் ஹைட்ரஜன் தொட்டியில் அழுத்தம் போதவில்லை, செயற்கைக்கோள் இழக்கப்பட்டது. அழுத்தம் வெளியேற்றும் வால்வு ஒன்றில் கசிவு என்பது ஆய்வுக் குழு கண்டது. தளத்தில் நிற்கும்போது எல்லைக்குள் இருக்கும் ஓர் எண், பறக்கும்போது எல்லையைத் தாண்டலாம். எனவே தடையில்லாத கவுண்ட்டவுனைத் திறமையின் சான்றாகவும், நின்றுபோன கவுண்ட்டவுனைத் திறமைக் குறைவின் சான்றாகவும் கொள்வதற்கு அடிப்படை இல்லை. ஒரே கோளாறு ஒரே ராக்கெட்டில் மீண்டும் மீண்டும் வந்தால் அப்போது வடிவமைப்பைக் கேள்வி கேட்பது நியாயம். ஆர்ட்டெமிஸின் ஹைட்ரஜன் இணைப்பைப் பற்றி அத்தகைய கேள்விகள் எழுந்தன, எழ வேண்டியவையே.

நீங்கள் நேரலைக்கு முன் அமர்ந்திருக்கும்போது காத்திருப்பதா எழுந்து போவதா என்று முடிவுசெய்ய, கடிகாரம் எங்கே நின்றது என்பதைப் பார்த்தால் போதும். உந்துபொருள் நிரப்புவதற்கு முன் நின்றால் சாளரம் முடியும் வரை நம்பிக்கை உண்டு. நிரப்பும்போது கசிவு என்று சொன்னால், நிறுத்தி மீண்டும் முயல்வார்கள். ஒரு மணி நேரம் பார்க்கலாம். ஒற்றைக் கணச் சாளரமுள்ள ஏவுதல் இறுதி நிமிடங்களில் நின்றால் அன்றைக்கு முடிந்தது. இயந்திரம் பற்றி அணைந்துவிட்டாலோ, மறுநாளையும் எதிர்பார்க்க வேண்டாம்: பற்றிய இயந்திரத்தை ஆராய வேண்டும், பல நேரம் மாற்றவும் வேண்டும். 1994 ஆகஸ்ட் 18 அன்று 1.9 விநாடி மீதமிருக்க இயந்திரங்கள் அணைந்த விண்ணோடம் எண்டெவர், கூடத்துக்குத் திரும்பி மூன்று இயந்திரங்களையும் மாற்றிக்கொண்டு, செப்டம்பர் 30 அன்றுதான் கிளம்பியது.